காவிரிப் பெருவட்டம்
பாறைகளின் வரலாறு – 12

2017-ஆம் ஆண்டு, பெங்களூரிலிருந்து வெளிவரும் இந்தியப் புவியியல் கழகத்தின் ஆய்விதழில் தென்னிந்திய நிலவியலை அசைத்துப் பார்க்கும் கட்டுரை ஒன்று வந்தது. நீலகிரிக்கும் ஆனைமலை, கொடைக்கானல் மலைகளுக்கும் நடுவே கிடக்கும் தாழ்நிலம் தொல்பழங்காலத்தில் விண்கல் ஒன்று மோதித் தோண்டிய பள்ளத்தின் எச்சம் என்று அது சொன்னது. பள்ளத்தின் விட்டம் சுமார் 120 கிலோமீட்டர். கட்டுரையாளர்கள் அதற்கு வைத்த பெயர் காவிரிப் பள்ளம். எழுதியவர்கள் கே.ஆர்.சுப்பிரமணியா, கே.என்.பிரகாஷ் நரசிம்மா என்னும் கர்நாடக நிலவியலாளர்கள். இவர்களில் சுப்பிரமணியா, மங்களூரை அடுத்த முல்கியிலிருந்து பழவேற்காடு ஏரி வரை தென்னிந்தியாவின் குறுக்கே நிலம் மெல்ல மேலெழுந்து வருகிறது என்று முன்பே எழுதிப் பெயர் பெற்றவர்.

இந்தக் கருத்து சரியானால் உலகில் இதுவரை உறுதியான விண்கல் பள்ளங்களுள் இது நான்காவது பெரியதாகிவிடும். தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட், மெக்சிகோவின் சிக்சுலுப், கனடாவின் சட்பரி ஆகிய மூன்று மட்டுமே இதைவிடப் பெரியவை. பாலக்காடு, கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களின் சமவெளியும் இடுக்கியின் வடக்கு விளிம்பும் ஒரே நிகழ்வின் தழும்புகள் என்றாகும். அதனால் இதை ஆதாரத்தோடு நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்க்கலாம். மூணாற்றை ஒட்டி, இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டுக்கும் இடையே வானவழித் தூரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். இந்த இரு மலைத்திரள்களுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை திடீரென்று அறுந்துபோகிறது. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு, கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட உயராத திறப்பு. இதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கோவைக்கு நுழையும் வாசலும் இதுதான். ரயிலும் நெடுஞ்சாலையும் கேரளத்துக்குள் இறங்கும் வழியும் இதுதான்.

ஆறுகளும் இதே அமைப்பைக் காட்டுகின்றன. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலால் மூணாறு என்று பெயர். அந்த நீர் மேற்கே பெரியாற்றில் சேர்கிறது. அதே மலையின் மறுபக்கம், மழை மறைவில் கிடக்கும் மறையூர் வழியாக இறங்கும் பாம்பாறு கிழக்கே திரும்பி, அமராவதியாகி, கரூருக்கு அருகே காவிரியில் கலக்கிறது. வடக்கே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் பவானி ஏறக்குறைய நேர்கோடாக ஓடித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மலைகள் விளிம்பாக நிற்க, ஆறுகள் நடுவேயுள்ள தாழ்நிலத்தை நோக்கி இறங்குவதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பவருக்கு வட்டம் ஒன்று கண்ணில் படும். காவிரிப் பள்ளக் கருத்து தொடங்கும் இடம் இந்தத் தோற்றம்.

ஆனால் தோற்றத்தின் அடியில் இருக்கும் பாறைகளுக்குத் தனி வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாமல் இந்த வழக்கை எடைபோட முடியாது.

நீலகிரியும் ஆனைமலையும் பழனிமலையும் பெரும்பகுதி சார்னக்கைட் என்னும் பாறையால் ஆனவை. உடைத்துப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சை மின்னும். இந்தப் பாறைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது சென்னையில். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைத்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்ட், 1893-இல், கொல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவரின் கல்லறையில் பதித்திருந்த கல்லும் இதுவே என்பதால் அவர் பெயரையே சூட்டினார். சார்னக்கைட் தரையின் மேற்பரப்பில் உருவாகும் பாறையல்ல. 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர் ஏறக்குறைய இல்லாத நிலையில் உருவாவது. தொட்டபெட்டாவின் உச்சியில் நிற்பவர், ஒரு காலத்தில் நிலவோட்டின் அடித்தளமாக இருந்த பாறைமேல் நிற்கிறார். அதற்கு மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை முழுவதும் அரித்துக் கடலுக்குப் போய்விட்டது.

மூணாற்றில் நைஸ் என்னும் வரியோடிய பாறைகளை ஊடுருவிக் கிரானைட் எழுந்திருக்கிறது. 1980-களில் செய்த கணிப்புகள் இந்த மூணாறு கிரானைட்டுக்குச் சுமார் 74 கோடி ஆண்டு வயது சொல்கின்றன. தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே வழுக்கு மொட்டைகளாக வெளியே தெரியும் பாறைகளில் இதுவும் உண்டு. காவிரிப் பள்ளத்துக்குக் கட்டுரையாளர்கள் தந்த வயது வரம்பு 80 கோடி ஆண்டுக்கும் 55 கோடி ஆண்டுக்கும் இடைப்பட்டது. அந்த வரம்பின் பிற்பாதியில் மோதல் நிகழ்ந்திருந்தால், மூணாறு கிரானைட் அப்போது இங்கே இருந்த சாட்சி.

கணவாயின் அடியில் இன்னொரு பெரிய அமைப்பு இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து கிழக்கே காவிரிப் படுகை வரை நிலவோட்டின் இரு பெரும் துண்டங்கள் ஒன்றையொன்று உரசி நழுவிய பட்டை ஓடுகிறது. நிலவியலாளர்கள் இதைப் பாலக்காடு–காவிரி நழுவுப் பட்டை என்பார்கள். இதன் வடக்கே மோயாறு, பவானி ஆறுகளின் பெயரில் இன்னும் இரண்டு பட்டைகள். பட்டைக்கு வடக்கேயுள்ள நீலகிரிப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து உருமாறியவை. தெற்கேயுள்ள மதுரைத் துண்டம், அதாவது ஆனைமலை, பழனி, ஏலமலை உள்ளிட்ட நிலம், மிகப் பிந்தி, சுமார் 55 முதல் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்துக்கு ஆளானது. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடியபோது இந்தப் பட்டை நெடுகத்தான் பழைய கடல் ஒன்று மூடிக்கொண்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அப்படி நசுங்கி நொறுங்கி வலுவிழந்த பட்டையை ஆறுகள் எளிதாக அரித்தன. பாலக்காட்டுக் கணவாய் பிறந்தது. விண்கல் கருத்து வருவதற்கு முன்பே இந்த விளக்கம் இருந்தது. இன்றும் பெரும்பாலானோர் நிற்பது இதன் பக்கம்.

ஒரு பெருங்கல் விழுந்தால் நிலத்துக்கு என்ன ஆகும் என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். விண்கற்கள் நொடிக்குக் குறைந்தது 11 கிலோமீட்டர் வேகத்தில் பூமியை அடைகின்றன. 20 கிலோமீட்டரும் சாதாரணம். பல கிலோமீட்டர் அகலமுள்ள பாறை அந்த வேகத்தில் வந்தால் காற்றுமண்டலம் அதற்குத் தடையே இல்லை. தரையைத் தொட்ட கணத்தில் அதிர்வலை ஒன்று நிலத்துக்குள்ளும் இன்னொன்று கல்லுக்குள்ளும் பாய்கிறது. கல்லின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. அதனால்தான் பெரிய பள்ளங்களில் விழுந்த கல் கிடைப்பதே இல்லை. அதிர்வலை கடந்துபோன பாறை கீழும் வெளியும் தள்ளப்பட்டு, கிண்ணம்போன்ற குழி சில நிமிடங்களுக்குள் திறக்கிறது. அந்தக் கிண்ணம் நிலைப்பதில்லை. சிறிய பள்ளமானால் சுவர்கள் கொஞ்சம் சரிந்து அப்படியே நின்றுவிடும். கடினப் பாறையில் விட்டம் சுமார் 4 கிலோமீட்டரைத் தாண்டினால் அடித்தளம் மீண்டும் மேலெழுந்து நடுவில் மேடாகும். விளிம்புகள் படிப்படியாக உள்ளே இடிந்து விழும். 100 கிலோமீட்டரைத் தாண்டும் பள்ளத்தில் நடுமேடு உடைந்து மலைவளையமாகும். உருகிய பாறை ஏரிபோல் தேங்கும். சட்பரியில் அப்படித் தேங்கி உறைந்த பாறையின் தடிமன் 2.5 கிலோமீட்டருக்கும் மேல். அதன் அடியில்தான் உலகின் பெரும் நிக்கல் சுரங்கங்கள் சில இருக்கின்றன.

இந்த அறிவு எளிதில் வந்ததல்ல. அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள குழியை 1891-இல் ஆராய்ந்த குரோவ் கார்ல் கில்பர்ட், அது நிலத்தடி நீராவி வெடித்ததால் ஆனது என்று முடிவுகட்டினார். அவர் தம் காலத்தின் தலைசிறந்த நிலவியலாளர்களில் ஒருவர். ஆகையால் அந்தத் தவறு நெடுங்காலம் நீடித்தது. டேனியல் பாரிங்கர் என்னும் சுரங்கப் பொறியாளர் 1903 முதல் அங்கே விண்கல்லின் இரும்பைத் தேடித் துளையிட்டுக்கொண்டே இருந்தார். 1929-இல் அவர் இறக்கும்வரை அது கிடைக்கவில்லை. வழக்கைத் தீர்த்தது இரும்பல்ல, மணல். 1953-இல் ஆய்வுக்கூடத்தில் மட்டும், பேரழுத்தத்தில் உருவாக்கப்பட்டிருந்த கோசைட் என்னும் சிலிக்கா வகையை 1960-இல் எட்வர்ட் சாவோவும் யூஜீன் ஷூமேக்கரும் உடன்பணியாற்றிய ஒருவரும் அந்தக் குழியின் மணற்பாறையில் கண்டுபிடித்தார்கள். மேற்பரப்புப் பாறையில் அத்தகைய அழுத்தத்தை விண்கல் தவிர வேறெதுவும் கொடுக்க முடியாது.

இந்தியாவில் இதே கதை மகாராஷ்டிரத்தின் லோணாரில் நடந்தது. 1.8 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள அந்த உப்பேரியைப் பற்றி 1823-லேயே குறிப்பு இருக்கிறது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை. ஆகவே குழியையும் எரிமலை வாய் என்றே நெடுநாள் நினைத்தார்கள். அந்தப் பசால்ட் 6 கோடி ஆண்டுக்கும் முந்தையது, குழியோ மிக இளையது என்பது யாருக்கும் உறுத்தாமல் போனது வியப்பு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஏரிப்படுகையில் துளையிட்டு எடுத்த பாறைத்துண்டுகளில், பெல்ட்ஸ்பார் கனிமம் உருகாமலே கண்ணாடியாகிவிட்ட மாஸ்கலினைட்டும் அதிர்வலை பதிந்த பிற அடையாளங்களும் இருந்தன. ஃப்ரெட்ரிக்சன், துபே, மில்டன், எம்.எஸ்.பாலசுந்தரம் ஆகிய நால்வரும் 1973-இல் அதை எழுதினார்கள். பசால்ட் நிலத்தில் நன்றாக நிலைத்திருக்கும் அரிய பள்ளம் என்பதால், நிலவின் பள்ளங்களைப் புரிந்துகொள்ள உலகம் முழுவதிலிருந்தும் லோணாருக்கு ஆய்வாளர்கள் வருகிறார்கள். அதன் வயதை 2011-இல் ஆர்கான் முறையில் அளந்து 5,70,000 ஆண்டு என்று கணித்தார்கள். அதற்கு முன் 50,000 ஆண்டு என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன.

லோணாரின் நல்வாய்ப்பு, அது இளமையானது என்பதே. விளிம்பு இருக்கிறது, ஏரி இருக்கிறது, வெளியே சிதறிய கற்கள்கூடக் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டு பழைய பள்ளத்தில் இவை எதுவும் மிஞ்சாது. மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்திலுள்ள தாலா இதற்குச் சான்று. 11 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வட்டத்தையும் எரிமலையின் வேலை என்றே கருதியிருந்தார்கள். ஜெயந்த குமார் பாத்தியும் உடன்பணியாளர்களும் அங்கே உருகி உறைந்த நொறுங்கல் பாறையிலும் குவார்ட்ஸ் மணிகளிலும் மோதல் அடையாளங்களைக் கண்டு 2008-இல் வெளியிட்டார்கள். மோதல் நடந்தது 250 கோடிக்கும் 170 கோடிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். குழி அழிந்துவிட்டது, மணிகளுக்குள் பதிந்த கோடுகள் அழியவில்லை.

அந்தக் கோடுகள்தான் இந்த வழக்கின் உயிர். பாறையைக் காகிதத்தைவிட மெல்லியதாக, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதிர்வலைக்கு ஆளான குவார்ட்ஸ் மணியில் ஒன்றுக்கொன்று இணையாக, நூல் பிடித்ததுபோல் நேராக, சில மைக்ரான் இடைவெளியில் கோடுகள் தெரியும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்தால் அந்த நெருக்கம் புரியும். ஒரே மணியில் இரண்டு மூன்று திசைகளில் இப்படிக் கட்டுக்கட்டாகக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். இவை உருவாகக் காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 1 லட்சம் மடங்கு அழுத்தம், அதுவும் நொடிக்கும் குறைந்த நேரத்தில், வேண்டும். எரிமலையாலும் நிலநடுக்கத்தாலும் முடியாத காரியம்.

ஆனால் குவார்ட்ஸில் கோடு போடுவது விண்கல் மட்டுமல்ல. நிலத்துண்டங்கள் மெல்ல நசுங்கும்போதும் கோடுகள் விழும். அவை தடித்தவை, சற்று வளைந்தவை, பெரும்பாலும் ஒரே திசையில் மட்டும் ஓடுபவை. நுண்ணோக்கியில் வெறுமனே பார்த்து இரண்டையும் பிரிப்பது ஆபத்து. அதனால் மணியைச் சுழல்மேடையில் வைத்து ஒவ்வொரு கோட்டின் சாய்வையும் அளக்கிறார்கள். மோதல் கோடுகள் படிக அமைப்பின் குறிப்பிட்ட தளங்களில் மட்டுமே விழும். படிக அச்சோடு அந்தத் தளங்களின் செங்குத்து 23 டிகிரி, 32 டிகிரி போன்ற கோணங்களில் குவியும். நூற்றுக்கணக்கான கோடுகளை அளந்து, இந்தக் கோணங்களில் குவிகின்றன என்று அட்டவணை காட்டினால்தான் உலகம் ஏற்கும். பெவன் ஃபிரெஞ்சும் கிறிஸ்டியன் கோபர்லும் 2010-இல் எழுதிய நீண்ட கட்டுரை, எதை ஆதாரமாக எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று இந்தத் துறைக்கே வரையறை வகுத்தது. வட்டத் தோற்றம், நொறுங்கல் பாறை, ஈர்ப்பு அளவீட்டில் வேறுபாடு, உருகிய பாறை நரம்பு ஆகியவை தேடத் தொடங்கக் காரணமாகலாம். தீர்ப்புக்கு ஆதாரமாகா என்பது அவர்கள் நிலை. தீர்ப்பு சொல்லத் தகுந்தவை சில மட்டும்: அளந்து காட்டிய மணிக்கோடுகள், சிதறல் கூம்பு என்னும் குதிரைவால்போல் விரியும் பாறைப் பிளவுகள், கோசைட் போன்ற பேரழுத்தக் கனிமங்கள், உருகுபாறையில் கலந்த விண்கல்லின் வேதித் தடயம்.

காவிரிப் பள்ளக் கட்டுரை நிலத்தோற்றத்தோடு நின்றுவிடவில்லை. அதிர்ச்சிக்கு ஆளான கனிமங்களையும் நொறுங்கி உருகிய பாறைகளையும் அது ஆதாரமாக முன்வைத்தது. களத்தில் அலைந்து பாறை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்புத் தர வேண்டும். ஆயினும் இந்த நிலப்பகுதியின் தன்மையே அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

உருகிய பாறை நரம்புகளை எடுத்துக்கொள்வோம். சூடோடாக்கிலைட் எனப்படும் கறுத்த கண்ணாடி நரம்புகள் விரெடஃபோர்ட்டில் பெருமளவு உண்டு. அந்தப் பெயரே அங்கே பிறந்ததுதான். ஆனால் நிலப்பிளவு திடீரென்று நழுவும்போது எழும் உராய்வு வெப்பத்திலும் இதே நரம்புகள் உண்டாகும். சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பகுதியில் இப்படி நழுவலில் பிறந்த சூடோடாக்கிலைட்டை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நழுவுப் பட்டைகள் பின்னிக் கிடக்கும் நிலத்தில் இந்த நரம்பைக் காட்டி விண்கல்லை நிறுவ இயலாது. நொறுங்கல் பாறைக்கும் இதே கதி.

அடுத்தது வெப்பம். இதுவே மிகக் கடினமான கேள்வி. மதுரைத் துண்டத்தின் பாறைகள் 55 முதல் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் 900 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் கிடந்தன. தேனி மாவட்டத்துக் கெங்குவார்பட்டியிலும் கொடைக்கானல் சாலையிலுள்ள பெருமாள்மலையிலும் கிடைக்கும் சஃபிரின் என்னும் நீலநிறக் கனிமம் அந்த வெப்பத்தின் முத்திரை. அழுத்தத்தைக் கணக்கிட்டால் அவை அப்போது 25 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தன. மோதல் அதற்கு முன் நடந்தது என்றால், மணிக்கோடுகள் பதிந்த குவார்ட்ஸ் பிறகு உலைக்குள் போய் மறுபடி படிகமாகியிருக்கும். கோடுகள் தப்பியிருப்பது அரிது. மோதல் நடந்தபோதே பாறை அந்த ஆழத்தில்தான் இருந்தது என்றால், பள்ளமும் அதன் அதிர்வு பதிந்த பெரும்பகுதியும் மேலேயிருந்த பாறையோடு அரித்துப் போயிருக்கும். மோதல் அதற்குப் பின் நடந்தது என்றால் கட்டுரை சொல்லும் வயது வரம்பே மாற வேண்டும். மூன்றில் எந்த வழியைப் பிடித்தாலும் விளக்கம் தேவைப்படுகிறது. நீலகிரிப் பக்கம் இந்தப் பிந்திய வெப்பம் ஒப்பீட்டில் குறைவு. ஆகவே ஆதாரத்தைத் தேடுவதானால் வடக்கு விளிம்பில் தேடுவதே அறிவுடைமை.

விரெடஃபோர்ட் இதற்கு நல்ல ஒப்பீடு. 202 கோடி ஆண்டு பழைய அந்தப் பள்ளத்தின் மேல்பகுதி 8 முதல் 10 கிலோமீட்டர் வரை அரித்துவிட்டது. எஞ்சியிருப்பது அடித்தளத்தில் எழுந்த நடுமேட்டின் வேர் மட்டும். மோதலுக்குப் பின் நெடுங்காலம் சூடாகவே கிடந்ததால் மையத்துக் குவார்ட்ஸ் மணிகளில் கோடுகள் பெரிதும் மங்கிவிட்டன. அதனாலேயே பல ஆண்டு வாக்குவாதம். 1961-இல் ஹார்கிரேவ்ஸ் சிதறல் கூம்புகளைக் காட்டினார். 1978-இல் மார்ட்டினி கோசைட்டையும் அதைவிட அடர்ந்த ஸ்டிஷோவைட்டையும் கண்டார். 1996-இல் உருகுபாறை நரம்பில் விண்கல்லுக்குரிய ஆஸ்மியம் அகப்பட்டது. அரிப்பும் வெப்பமும் சேர்ந்து அழிக்க முயன்ற இடத்திலும் உண்மையான மோதல் ஒரு தடயம் அல்ல, பல தடயங்களை விட்டுவைத்திருக்கிறது. காவிரிப் பகுதியில் சிதறல் கூம்புகளோ ஆஸ்மியத் தடயமோ இதுபோல் நிறுவப்படவில்லை.

மூன்றாவது, மலைகளின் வயது. பாறை பழையது என்பதால் மலையும் பழையது ஆகிவிடாது. மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன். மேற்குக் கரை உடைந்து உயர்ந்து, ஆறுகள் செதுக்கி, ஆனைமுடிக்கு இன்றைய வடிவம் கிடைத்தது அதற்குப் பிந்திய கதை. 55 கோடி ஆண்டுக்கு முந்தைய பள்ளத்தின் விளிம்புச்சுவர் இன்றைய ஆனைமலையாக நிற்கிறது என்று நேரடியாகச் சொல்ல வழியில்லை. பழைய வளையத்தின் கடினப் பாறை பிந்திய அரிப்பில் தலைதூக்கி நிற்கிறது என்று வேண்டுமானால் வாதிடலாம். அப்போது வளையம் முழுவதும் பாறையின் கட்டமைப்பில் அது தெரிய வேண்டும். விரெடஃபோர்ட்டில் அடுக்குகள் செங்குத்தாக நிமிர்ந்து வளைந்து சுற்றுகின்றன. இங்கே பாறை வரிகள் வட்டத்தை மதிக்காமல், கிழக்கு மேற்காக ஓடும் நழுவுப் பட்டையோடு ஒத்துப் போகின்றன. குப்பத்திலிருந்து பழனி வரை நிலத்தின் ஆழத்தை ஆராய்ந்த பெரிய திட்டத்தின் முடிவுகளை இந்தியப் புவியியல் கழகம் 2003-இல் தொகுத்து வெளியிட்டது. 40 கிலோமீட்டருக்கு மேல் தடித்த நிலவோட்டைத் துண்டங்களாகவும் நழுவுப் பட்டைகளாகவுமே அது விளக்கியது.

இதே நிலத்தில் வானத்தோடு உறவு கொண்டாடும் இன்னொரு பாறையும் இருக்கிறது. அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் வெண்பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 கலத்தின் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ செய்த செயற்கை நிலவு மண்ணுக்கு அந்தப் பாறையே பொடியானது. அது பூமியின் உள்ளே குழம்பிலிருந்து உறைந்தது. விண்ணிலிருந்து வந்ததல்ல.

விண்ணிலிருந்து உண்மையாகவே வந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் விழுந்தவை சிறு கற்கள். 1857 பிப்ரவரி 28 அன்று, அப்போதைய மதுரை மாவட்டத்தில் இரண்டு கற்கள் விழுந்தன. மொத்தம் 77 கிலோவுக்கு மேல். பார்னல்லி என்ற பெயரில் உலகப் பட்டியலில் உள்ள அந்தக் கல், சூரியக் குடும்பம் உருவானபோது இருந்த பொருள் அதிகம் மாறாமல் தங்கிய அரிய வகையைச் சேர்ந்தது. 1914-இல் பாரதப்புழைக் கரையில் குற்றிப்புரத்தில் ஒரு கல் விழுந்தது. ஆனைமலையிலும் பாலக்காட்டிலும் பெய்யும் மழைதான் அந்த ஆற்றில் ஓடுகிறது. இந்தக் கற்கள் எவையும் பள்ளம் தோண்டும் அளவில் இல்லை. காற்றில் வேகம் இழந்து வந்து விழுந்தவை.

வழக்கைத் தீர்க்கச் செய்ய வேண்டியது கடினமானாலும் தெளிவானது. நீலகிரியின் தென்சரிவிலிருந்து அட்டப்பாடி, வாளையாறு, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு வரை வரிசையாகப் பாறை எடுக்க வேண்டும். சாலை வெட்டிய இடங்களிலும் மறையூர்ப் பக்கத்து மழை குறைந்த சரிவுகளிலும் புதுப்பாறை கிடைக்கும். மூணாற்றின் ஈரச் சரிவுகளில் மேல்பாறை மக்கிச் சிவந்த மண்ணாகிவிடுவதால் அங்கே ஆழத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். குவார்ட்ஸ் கோடுகளைச் சுழல்மேடையில் அளந்து கோண அட்டவணை தர வேண்டும். குவார்ட்ஸைவிட வெப்பத்தைத் தாங்கும் சிர்க்கான் மணிகளில் அதிர்வின் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரெடஃபோர்ட்டில் அது தப்பியிருக்கிறது. உருகுபாறை நரம்புகளில் ஆஸ்மியமும் இரிடியமும் அளக்க வேண்டும். முடிவை இந்தக் கருத்தோடு தொடர்பில்லாத இன்னொரு ஆய்வுக்கூடம் சரிபார்க்க வேண்டும். கேரளப் பல்கலைக்கழகத்தின் கே.எஸ்.சஜின்குமாரும் உடன்பணியாளர்களும் குஜராத்தின் கச்சில் லூனா என்னும் 1.8 கிலோமீட்டர் வட்டத்தை ஆராய்ந்து 2024-இல் வெளியிட்டபோது, இரிடியம் மிகுதியையும் மோதலில் உருகிய பொருளின் கனிமங்களையும் கொண்டே வாதாடினார்கள். அந்தத் திறமை கேரளத்திலேயே இருக்கிறது.

இன்றுள்ள ஆதாரத்தை வைத்துச் சொன்னால், பாலக்காட்டுத் தாழ்நிலத்தை நழுவுப் பட்டையும் அரிப்பும் விளக்கிவிடுகின்றன, விண்கல் தேவைப்படவில்லை. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகம் பராமரிக்கும் உலக விண்கல் பள்ளப் பட்டியலில் ஏறத்தாழ 190 பள்ளங்கள் உள்ளன. இந்தியாவில் மோதல் பள்ளங்களாக ஏற்கப்பட்டவை மூன்று: மகாராஷ்டிரத்தின் லோணார், மத்தியப் பிரதேசத்தின் தாலா, ராஜஸ்தானின் ராம்கர். காவிரிப் பள்ளம் உலகப் பட்டியலில் இடம்பெறவில்லை.

(தொடரும்)